எத்தனை முகங்களைத் தொடக் கிடைக்கும் என்று கேளுங்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"எனக்கு வயது 42. கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். 15 வருடம் அலுவலகத்தில் கணக்கு வழக்கு பார்த்தேன். போன வருடம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. சின்ன வயதிலிருந்தே மருதாணி நன்றாகப் போடுவேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் புடவை கட்டி விடுவதும் ஜடை பின்னி விடுவதும் நான்தான். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றுகிறது. ஓர் அழகுக்கலைப் பள்ளியில் விசாரித்தேன். டிப்ளோமாவுக்கு 8,800 வெள்ளி, வெளிநாட்டுச் சான்றிதழ், இன்றே கையெழுத்துப் போட்டால் 1,500 வெள்ளி தள்ளுபடி என்கிறார்கள். மூன்று நாளாக வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கிறது. இந்த வயதில் தொடங்கலாமா? பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? முடி, முகம், மேக்கப், நகம் என்று இத்தனை இருக்கிறதே, எதைப் படிப்பது? 'அடுத்தவர் காலைப் பிடித்து நகம் வெட்டவா உன்னைப் படிக்க வைத்தார்கள்' என்று மாமியார் வேறு வருத்தப்படுகிறார்."

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். "இன்று மட்டும்" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அந்தத் தள்ளுபடி நாலாவது நாளும் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். நல்ல பள்ளிக்கு உங்களை அவசரப்படுத்த வேண்டிய தேவை கிடையாது. வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் உங்களுக்குப் பாடம் நடத்தப் போகிற ஆசிரியை அல்ல, சேர்க்கைக்காகச் சம்பளம் வாங்குகிற விற்பனையாளர். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது ஆசிரியையை.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 42 இந்தத் தொழிலுக்கு நல்ல வயது. நான் 27 வருடமாக இதில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் பயிற்சி கொடுப்பதில் போயிற்று. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வருகிற பெண்களைவிட, வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சமாளித்துவிட்டு வருகிற பெண்கள் வாடிக்கையாளரிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். கல்யாண மேக்கப்புக்கு ஆளை முடிவு செய்வது பெரும்பாலும் மணப்பெண்ணின் அம்மா. அவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். நீங்கள் 15 வருடம் பார்த்த கணக்கு வழக்கும் வீண் போகாது. கைத்திறமை இருந்தும் கணக்கு தெரியாமல் கடையை மூடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பள்ளி விஷயத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் என் கதை ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் நான் மறக்காத கதை.

படிப்பு முடித்த வருடம் எனக்குக் கிடைத்த முதல் மணப்பெண். சிராங்கூன் சாலையில் ஒரு கோயிலில் கல்யாணம், காலை ஆறரைக்கு முகூர்த்தம். மூன்று மணிக்கே போய்விட்டேன். நல்ல கருநிறம் அந்தப் பெண், லட்சணமான முகம். நான் படித்த பள்ளியில் ஒன்பது மாதமும் எங்களுக்குப் பயிற்சிக்குக் கிடைத்த முகங்கள் எல்லாம் வெளிர் நிறம். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். பெட்டியில் இருந்த ஃபவுண்டேஷனில் மிக அடர்த்தியானதே அவள் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பு. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பூசினேன், மேலே பவுடர் போட்டேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத்தான் தெரிந்தது.

தாலி கட்டி முடிந்து எட்டு மணி வாக்கில் வெளியே படம் எடுக்க வந்தார்கள். வெயில் முகத்தில் விழுந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் மட்டும் யாருடையதோ போல. பெண்ணின் சித்தி ஈரத் துண்டை எடுத்து வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "கொஞ்சம் துடைச்சு விடும்மா" என்றார். மணப்பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தை அவள் இன்றைக்கும் வைத்திருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனது வலிக்கும்.

ஏன் அப்படி ஆனது என்று அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டேன். கேலாங் சிராய் பக்கம் ஒரு மாக் அண்டாம் இருந்தார். மலாய்க் கல்யாணங்களில் மணப்பெண்ணை அலங்கரிப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். அவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி தூக்கிக்கொண்டு போய் நின்றேன். கருநிறத் தோலில் வெள்ளை கலந்த பொருள் நேராக உட்கார்ந்தால் சாம்பலடிக்கும். பவுடர்களிலும் வெயில் தடுப்புக் களிம்புகளிலும் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் கேமராவின் ஃபிளாஷில் வெள்ளையாய்க் காட்டிக் கொடுக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் முதலில் கருமையைச் சரிக்கட்டும் ஆரஞ்சு கலந்த கரெக்டர், அதற்கு மேல்தான் தோல் நிறத்தில் மறைக்கும் கன்சீலர். நிறம் பார்க்க வேண்டியது மணிக்கட்டில் அல்ல, தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில். பார்ப்பதும் பகல் வெளிச்சத்தில். இது ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனால் எனக்கு ஒன்பது மாதத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, காரணம் எங்கள் பயிற்சி அறைக்குள் அப்படி ஒரு முகம் வரவே இல்லை.

அதனால்தான் பள்ளி தேடி வருகிற ஒவ்வொருவரிடமும் இதையே சொல்கிறேன். இங்கே படித்து முடிப்பதற்குள் என் கைக்கு எத்தனை முகங்கள் கிடைக்கும், எந்தெந்த நிறம், எந்தெந்த வயது என்று கேளுங்கள். சான்றிதழின் பெயரையும் கட்டடத்தின் பளபளப்பையும் அதற்கப்புறம் பார்க்கலாம்.

இதைத் தொலைபேசியில் கேட்டால் பதில் கிடைக்காது. நேரில் போங்கள். சேர்க்கை விழா, திறந்த நாள் என்று கூப்பிடும் அன்று போக வேண்டாம். வேலை நாளில் பிற்பகல் போய், பயிற்சி வகுப்பை ஓரமாக நின்று பத்து நிமிடம் பார்க்கலாமா என்று கேளுங்கள். விட மாட்டார்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

உள்ளே விட்டால் இதைப் பாருங்கள். மாணவிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் மட்டும் பழகுகிறார்களா, வெளியிலிருந்து மாடல்கள் வருகிறார்களா? கட்டிலில் படுத்திருப்பவர்களில் ஐம்பது வயது ஆள் உண்டா, பரு நிறைந்த முகம் உண்டா, நம்மைப் போன்ற நிறம் உண்டா? வேக்ஸிங் நடந்தால் மரக்குச்சியைக் கவனியுங்கள். ஒரு தடவை தோலில் பட்ட குச்சி மறுபடி மெழுகுச் சட்டிக்குள் போனால், அந்த ஆசிரியைக்குச் சுத்தம் பாடப்புத்தகத்தில் மட்டும்தான். ஃபேஷியல் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் ஒவ்வாமை, மருந்து, கர்ப்பம் பற்றிக் கேட்டு எழுதி வாங்குகிறார்களா என்றும் பாருங்கள். பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிலருக்குத் தோல் மிகவும் மெலிந்திருக்கும், வேக்ஸ் போட்டு இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் அழுதுகொண்டு போன வாடிக்கையாளரை நான் பார்த்திருக்கிறேன்.

கருநிறத் தோலைப் பற்றி ஆசிரியை என்ன சொல்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1975-ல் வந்தது. வெயிலில் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஒன்று முதல் ஆறு வரை வகை பிரிக்கும். நம் ஆட்கள் பெரும்பாலும் நாலு, ஐந்து, ஆறில் வருவோம். இந்தத் தோலில் பருவைக் கிள்ளினாலும், அளவுக்கு மேல் தேய்த்தாலும், சூடு வைத்தாலும், காயம் ஆறிய பிறகு கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இதைத் தெரிந்துதான் தோலைத் தேய்க்கும் ஸ்க்ரப்பும், மேல்தோலை உரிக்கும் பீலும் கையில் எடுக்க வேண்டும். "எல்லாத் தோலுக்கும் ஒரே முறைதான்" என்று ஆசிரியை சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது அந்த வெளிநாட்டுச் சான்றிதழ். சிங்கப்பூரில் ஃபேஷியல் செய்யவோ, முடி வெட்டவோ, மேக்கப் போடவோ தனி ஆளுக்கு அரசாங்க உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும், இங்கே அப்படி இல்லை. அதனால் சான்றிதழ் இல்லாவிட்டால் தொழிலே செய்ய முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பள்ளிகள் சொல்லும் சான்றிதழ்களில் ஐடெக், சிப்டாக் இரண்டும் பிரிட்டிஷ் வழி வந்தவை. சிடெஸ்கோ 1946-ல் தொடங்கிய சர்வதேச அமைப்பு, இப்போது சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அதன் முழு டிப்ளோமாவுக்கு 1,200 மணி நேரப் பயிற்சி வேண்டும். பெரிய ஹோட்டல் ஸ்பாவில் சேர, கப்பலில் வேலைக்குப் போக, வெளிநாட்டில் குடியேற, பிற்பாடு நீங்களே ஆசிரியையாக ஆக இவையெல்லாம் கை கொடுக்கும். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், புருவம் எடுக்கவும் ஈசூனில் மணப்பெண் அலங்காரம் செய்யவும் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மனது இரண்டாவது பக்கம் இருக்கிறது. அதற்கு 8,800 வெள்ளி தேவையில்லை என்பது என் கருத்து.

உங்கள் மகளோ மகனோ இந்த வழிக்கு வர ஆசைப்பட்டால் கதை வேறு. அவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன். கட்டணம் குறைவு, பயிற்சிக்கு வெளி ஆட்கள் வருவார்கள், வேலைப் பயிற்சிக்கு நிறுவனங்களுக்கும் அனுப்புவார்கள்.

காசு விஷயம். 40 வயது தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து, பயிற்சிக்கென்று அரசாங்கம் பணம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது எல்லாப் பயிற்சிக்கும் செல்லாது, குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். 2016-ல் கொடுத்த முதல் 500 வெள்ளியை நீங்கள் தொடாமல் வைத்திருந்தால் அதற்குத் தகுதியான வகுப்புகள் இன்னும் பரவலாக இருக்கும். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உங்கள் சிங்பாஸ் கொண்டு நுழைந்து, வகுப்பின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். "கிரெடிட் செல்லும்" என்று பள்ளி வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். டபிள்யூஎஸ்கியூ (ஊழியர் திறன் தகுதி) என்று போட்டிருக்கும் வகுப்புகளில் அரசாங்க மானியம் போகக் கட்ட வேண்டியது வெகுவாகக் குறையும். 40-க்கு மேல் மானியம் இன்னும் அதிகம்.

நீண்ட டிப்ளோமாதான் வேண்டும் என்று முடிவு செய்தால், பள்ளி தனியார் கல்வி நிலையமாகப் பதிவு பெற்றதா, தரத்துக்குத் தரும் எடுடிரஸ்ட் முத்திரை உண்டா என்று பாருங்கள். எடுடிரஸ்ட் பள்ளி உங்கள் கட்டணத்துக்குப் பாதுகாப்பு எடுத்தாக வேண்டும். பள்ளி நடுவில் மூடிவிட்டாலும் பணம் முழுதாக முழுகிப் போகாது. பதிவு பெற்ற பள்ளிகள் கொடுக்கும் ஒப்பந்தத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்ட பின் ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்றால், கட்டணத்தைத் திருப்பித் தரும் விகிதத்தில் மிக உயர்ந்தது கிடைக்கும். அந்த விகிதம் எத்தனை என்று ஒப்பந்தத்தின் அட்டவணையில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். சின்னச் சின்னப் பகுதிநேர வகுப்பு நடத்தும் இடங்கள் பல இந்தப் பதிவுக்குள் வருவதில்லை. அங்கே ஒரே வழி, மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். வகுப்பு வகுப்பாகக் கட்டுங்கள்.

எதைப் படிப்பது? உங்கள் கை ஏற்கெனவே எங்கே பழகியிருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். மருதாணி, புடவை, ஜடை மூன்றும் தெரியும் என்கிறீர்கள். அதோடு திரெட்டிங்கும் (நூலால் புருவம் எடுப்பது) கல்யாண மேக்கப்பும் சேர்ந்தால் ஒரு மணப்பெண்ணை முழுதாக அலங்கரித்து அனுப்பிவிடலாம்.

திரெட்டிங்கை நிறையப் பேர் சாதாரணமாக நினைக்கிறார்கள். வருடம் முழுக்கச் சோறு போடுவது அதுதான். இந்தியர்கள் மட்டுமல்ல, சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் லிட்டில் இந்தியாவுக்குப் புருவத்துக்கு வருகிறார்கள். சீனப் பாட்டிமார் வெள்ளைப் பவுடர் பூசி நூலால் முகத்து முடி எடுக்கும் வழக்கம் அவர்களிடமே உண்டு, அதனால் நூலைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. முழங்கை நீளத்துக்கு ஒன்றரைப் பங்கு பருத்தி நூல், நடுவே ஆறேழு முறுக்கு, ஒரு முனை பல்லில். முறுக்கு நகர்ந்து போகும் வேகத்தில் முடி வேரோடு வர வேண்டும், தோலைக் கடிக்கக் கூடாது. வலது கை விரல்கள் விரியும்போது பல் அசையாமல் இருக்க வேண்டும், கண் மட்டும் புருவத்தின் வால் எங்கே முடிய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நூலை வாயில் வைப்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. அதனால் கழுத்தில் மாட்டிச் செய்யும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் நூறு புருவம் வரை கை நடுங்கும். அந்த நூறையும் பள்ளி தருகிறதா, இல்லை பத்தோடு நிறுத்திச் சான்றிதழ் தருகிறதா என்பதுதான் நான் முன்னால் சொன்ன கேள்வி.

மருதாணியில் ஒன்று சொல்லியாக வேண்டும். "உடனே கருப்பாகும்" என்று விற்கும் கோனைத் தொடாதீர்கள். நல்ல மருதாணி எடுத்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். உடனே கருக்கிறது என்றால் பெரும்பாலும் அதில் முடிச்சாயத்தில் போடும் பிபிடி கலந்திருக்கும். அது கையைக் கொப்புளமாக்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்தப் பெண் பிற்காலத்தில் முடிச்சாயம் பூசினாலும் முகம் வீங்கும். தீபாவளிக்கு முந்திய வாரம் லிட்டில் இந்தியாவில் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று கை நீட்டுவார்கள். அந்தக் கைகளில் என்ன போடுகிறோம் என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

முடி வேலை வேறு உலகம். வெட்டு, சாயம், ரசாயன நேராக்கம் எல்லாம் கைவர இரண்டு மூன்று வருடம் ஒரு சலூனில் உதவியாளாக நிற்க வேண்டும். உங்கள் நிலையில் அது நீண்ட பாதை. நக வேலையும் செயற்கை இமைமுடி ஒட்டுவதும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், ஆனால் நக ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனமும் இமைப் பசையின் ஆவியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சேர்வதற்கு முன் ஒரு நாள் அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள், கண்ணும் விரலும் என்ன சொல்கிறது என்று. மசாஜ் கடை வைக்கக் காவல்துறை உரிமம் வேண்டும், அதற்குள் இப்போது போக வேண்டாம். போட்டாக்ஸ், ஃபில்லர் ஊசி கற்றுத் தருகிறோம் என்று எந்த இடமாவது சொன்னால் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதீர்கள். இங்கே ஊசி போடுவது மருத்துவர் வேலை, சட்டப்படியே.

கடையில் வேலைக்குப் போவதானால் நேர்காணலில் இரண்டைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மாதம் எத்தனை வெள்ளிக்குப் பேக்கேஜ் (பல தடவைக்குச் சேர்த்து முன்னாலேயே பணம் வாங்குவது) விற்க வேண்டும். பல ஃபேஷியல் கடைகளில் கமிஷன்தான் வருமானம். கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணிடம், முகத்தில் மாஸ்க் போட்ட நிலையில், இரண்டாயிரம் வெள்ளிப் பேக்கேஜ் பற்றிப் பேசச் சொல்வார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது, இரண்டு மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள கடைகள் வாடிக்கையாளருக்கு மனம் மாறினால் பணத்தைத் திரும்பக் கேட்க அவகாசம் தர வேண்டும், அங்கே இந்த நெருக்கடி கொஞ்சம் மட்டுப்படும். வேலை தேடும்போது அதையும் பாருங்கள்.

கல்யாண மேக்கப்பின் கணக்கைத் திறந்து சொல்கிறேன், பள்ளியில் சொல்ல மாட்டார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. தையிலும் ஆவணியிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேர் கூப்பிடுவார்கள், ஒருத்திக்குத்தான் போக முடியும். அதிகாலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும் நேரத்தில் எம்ஆர்டி ஓடாது, போக வர டாக்சிக் காசை முதலிலேயே விலையில் சேர்த்துவிடுங்கள். முன்பணம் வாங்காமல் தேதி ஒதுக்காதீர்கள். சொந்தக்காரர்களுக்கு இத்தனை வருடம் சும்மா செய்து பழகிவிட்டீர்கள், அவர்களிடம் காசு கேட்பதுதான் உங்களுக்கு மிகக் கஷ்டமாக இருக்கப் போகிறது. விலைப்பட்டியலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதைக் காகிதம் சொல்லிவிடும். காலியான மாதங்களைத் திரெட்டிங் பார்த்துக்கொள்ளும்.

வீட்டிலிருந்தே செய்யலாம். அழகு சேவை, முடி அலங்காரம் போன்ற சிறு தொழில்களை வீவக வீட்டில் நடத்த அனுமதி உண்டு, தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் வாசலில் பலகை, விளம்பரம் கூடாது, வீட்டில் குடியிருக்காதவரை வேலைக்கு வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. சுயதொழிலில் வருடத்துக்குச் செலவு போக 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த அட்டையில் (டிபென்டன்ட்ஸ் பாஸ்) இங்கே இருக்கும் தங்கைகள் சிலரும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு விதி வேறு. 2021 மே முதல் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும், ஒரு மருதாணி வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு இடது தோளில் தீராத வலி உண்டு, குனிந்து குனிந்து புருவம் எடுத்ததில் வந்தது. சாய்நாற்காலியை உயர்த்திக்கொள்ளக் கற்றுக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. நீங்கள் முதல் நாளிலிருந்தே நாற்காலியின் உயரத்தை உங்களுக்கு ஏற்றபடி வையுங்கள். கையுறை போடச் சோம்பல்படாதீர்கள், ஷாம்புவும் சாயமும் பட்டுப் பட்டு விரல் இடுக்கில் வெடித்துவிடும்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை, உங்கள் மேல் உள்ள மதிப்பில் சொல்கிறார். நானும் முதலில் பெடிக்யூர் செய்த அன்று வீட்டில் சொல்லாமல் மறைத்தேன். அப்புறம் ஒரு நாள், சர்க்கரை நோயாளியான ஒரு அம்மாவின் காலைக் கழுவும்போது சுண்டுவிரலுக்கு அடியில் புண் ஒன்றைப் பார்த்தேன். உணர்ச்சி மரத்துப் போனதால் அவருக்கே தெரியாது. வேலையை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டு, இன்றைக்கே பாலிகிளினிக் கூட்டிப் போங்கள் என்றேன். மகள் கூட்டிப் போனார், புண் ஆறியது. அந்தக் காலை வேறு யாரும் அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கவில்லை. இதை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது அவர் காலையே ஒரு தரம் வெந்நீரில் வைத்துக் கழுவி, நகத்தை நேராக வெட்டி, எண்ணெய் தடவி விடுங்கள்.

அடுத்த வாரம் புதன் அல்லது வியாழன் பிற்பகல் அந்தப் பள்ளிக்குப் போங்கள். வேறு இரண்டு பள்ளிகளுக்கும் போங்கள். முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். மேக்கப் ஆசிரியையிடம், "என் முகத்துக்கே ஒரு ஃபவுண்டேஷன் நிறம் எடுத்துத் தாடையில் பூசிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து நம் நிறத்துக்கு எத்தனை புட்டி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூசி முடித்ததும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்கு வெளியே வந்து, வெயிலில் நின்று பாருங்கள்.